ஆசாரமும் அறமும்

பாரிஸ்டர் படிப்புக்காக இங்கிலாந்து செல்லப் புறப்பட்டு வந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை, 1888 ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்த மோத் பனியா சாதியார், தங்கள் குலத்தில் அதுவரை ஒருவரும் அந்நாட்டுக்குச் சென்றதில்லை என்ற காரணத்தால், சபை கூட்டித் தம் முன் வரவழைத்து விசாரித்தனர். இளைஞரின் காலஞ்சென்ற தந்தையோடு நல்லுறவு பூண்டிருந்தவரும் தூரத்து உறவினருமான சாதித் தலைவர், கடல் கடந்து செல்வது நம் மதத்துக்கு விரோதம் என்றார். இளைஞரோ அவ்வாறு தமக்குத் தோன்றவில்லை என்று பணிவோடு மறுத்தார். அவர் சாதியினின்று விலக்கப்பட்டார் என்றும், அவருக்கு உதவி செய்பவரோ துறைமுகத்துக்கு வழியனுப்பச் செல்பவரோ ஒரு ரூபாய் நாலணா அபராதம் செலுத்த வேண்டும் என்றும் சபை தீர்ப்பளித்தது. செப்டம்பர் 4 ஆம் தேதி மோகன்தாஸ் காந்தி கப்பலேறினார்.

சாதியின் கட்டளையை இங்ஙனம் ஒதுக்கிவிட்டுச் சென்ற அதே இளைஞர், மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தீண்டுவதில்லை என்று ஒரு சமண முனிவர் முன்னிலையில் தம் தாய்க்குச் செய்து கொடுத்த பிரதிக்ஞையை, லண்டன் நகரில் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த நாட்களிலும், நண்பர்கள் கடிந்தும் நகைத்தும் வற்புறுத்திய போதும், விடாது காப்பாற்றினார். இதில் விசித்திரம் என்னவெனில், மாமிசம் உண்ணாமை என்பது தம் குலத்தின் வெறும் ஆசாரமே என்றும், இந்தியர் யாவரும் மாமிசம் உண்ணப் பழகினால் நலம் என்றுமே அக்காலத்தில் அவர் எண்ணியிருந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவு விடுதியைக் கண்டுபிடித்து, அங்கே விற்பனைக்கு வைத்திருந்த மரக்கறி உணவை ஆதரித்துச் சால்ட் என்பவர் எழுதிய நூலை வாங்கிப் படித்த பின்னரே, அவர் விரும்பி மேற்கொண்ட கொள்கையாக அது ஆயிற்று. ஆகவே ஒரே விரதம் முதலில் குலாசாரமாகவும், பின்பு கொடுத்த வாக்காகவும், அதன் பின்பு சொந்த மனச்சாட்சியின் தீர்ப்பாகவும் மூன்று நிலைகளைக் கடந்து வந்திருக்கிறது. முட்டை மாமிசத்தில் சேருமா என்ற சந்தேகம் எழுந்து, சேராது என்ற வாதத்தை நம்பிச் சில காலம் உண்டுங்கூட, பிரதிக்ஞை வாங்கிய தாய் அச்சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருப்பாரோ அதுவே தமக்குப் பிரமாணம் என்று தெளிந்து அதையும் அவர் விட்டுவிட்டார்.

இவ்வரலாற்றின் பிற்பகுதி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1891 இல் தாயகம் திரும்பியவரை அவருடைய தமையனார் நாசிக்குக்கு அழைத்துச் சென்று புண்ணிய நதியில் நீராட்டி, ராஜ்கோட்டில் சாதியாருக்கு விருந்தும் வைத்தார். சாதியில் ஒரு சாரார் அவரை ஏற்றுக்கொள்ள, மற்றொரு சாரார் விலக்கியே வைத்தனர். விலக்கியவர்களுள் அவருடைய மாமனார் மாமியாரும், தமக்கையின் குடும்பமும் அடங்குவர். ஒருவருக்கும் தெரியாமல் உணவளிக்க அவர்கள் ஆயத்தமாகவே இருந்தனர். ஆனால் வெளிப்படையாகச் செய்யக்கூடாத ஒன்றை மறைவில் செய்யத் தம் இயல்பு இடங்கொடாமையால், அவ்வீடுகளில் தண்ணீர் கூட அவர் அருந்தவில்லை. சாதியாரின் தடை நியாயமற்றது என்று அவர் கருதினார். எனினும் அத்தடையைத் திருட்டுத்தனமாக மீறுவது அதனினும் பெரிய குற்றம் என்று கருதினார். ஆசாரத்துக்கும் அறத்துக்கும் இடையே உள்ள வேற்றுமையைத் தத்துவ நூல் எதுவும் இத்துணைத் தெளிவாகக் காட்டியதாக நான் அறியேன்.

அவ்வேற்றுமை யாதென வரையறுக்கப் புகுந்தோர் பலர். ஆங்கில நீதிநூல் அறிஞர் ஹார்ட், 1961 இல் வெளிவந்த தம் நூலில், அறவிதிக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாக, அது எவருடைய கட்டளையாலும் குறித்த ஒரு நாளில் தோன்றவோ மறையவோ மாட்டாது என்பதைக் கூறினார். சாலை விதி அத்தகையதன்று: 1967 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு, ஸ்வீடன் நாட்டு வண்டிகள் யாவும் சாலையின் இடப்புறத்தினின்று வலப்புறத்துக்கு மாறின. முதல் நாள் இரவு வரை குற்றமாயிருந்தது மறுநாள் காலையில் கடமையாயிற்று. அதில் முரண்பாடு ஒன்றையும் யாரும் காணவில்லை. ஆனால் உலகத்தின் பாராளுமன்றங்கள் அனைத்தும் ஒருங்கு கூடி, வருகிற திங்கட்கிழமை முதல் குழந்தைகளைத் துன்புறுத்துதல் தவறன்று என்று ஒருமனதாகத் தீர்மானித்தாலும், அதனால் அத்தீர்மானத்தை இயற்றியவர்களே இழிவெய்துவரேயன்றி அச்செயலின் தன்மை அணுவளவும் மாறாது. விதியை எடுத்துவிட்டாலும் தீமை எஞ்சி நிற்குமா என்பதே முதற் சோதனை. எஞ்சி நின்றால் அறம். விதியோடு கூடவே மறைந்தால் ஆசாரம்.

இச்சோதனை எளிதாகத் தோன்றினாலும், இதைப் பற்றிய விவாதம் புதியதென்று எண்ணலாகாது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை பலரும் அறிந்ததே: பாரசீக மன்னன் தாரியஸ், இறந்த தந்தையரின் உடலை உண்ண எவ்வளவு பொருள் வேண்டும் என்று தன் அவையிலிருந்த கிரேக்கரைக் கேட்க, எப்பொருளுக்கும் உடன்படோம் என்றனர், அவ்வாறு உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரை, உடலை எரிக்க என்ன வேண்டும் என்று கேட்க, அவர்கள் அபசாரம் என்று கூவினர். வழக்கமே யாவர்க்கும் அரசன் என்ற முடிவுக்கு வந்தார் அவ்வாசிரியர். ஆனால் இறந்த தந்தைக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதில் இரு கூட்டத்தாரும் முழுமையாக ஒன்றுபட்டே நின்றனர் என்பதையும், அம்மரியாதையின் வடிவத்தில்தான் சண்டையிட்டனர் என்பதையும் அவர் கவனித்திருக்கலாம்.

நம் நாட்டுத் தர்ம சூத்திரங்களில் இவ்விவாதம் இன்னும் நுட்பமாக நடைபெற்றிருக்கிறது. தென்னாட்டாருக்கே உரியனவென்று போதாயனர் சில வழக்கங்களை எண்ணிச் சொல்கிறார்: மனைவியோடு ஒன்றாக அமர்ந்து உண்ணுதல், பழையது உண்ணுதல், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணத்தல் முதலியன. வடநாட்டாருக்கு உரியனவாக, கம்பளி விற்றல், மது அருந்துதல், ஆயுத வாணிகம், கடற்பயணம் முதலியவற்றைக் கூறுகிறார். அவ்வவ்வழக்கம் அவ்வத்தேசத்தில் பிரமாணமாகும், ஒரு தேசத்தார் மற்றதன் வழக்கத்தை மேற்கொண்டால் மட்டுமே பாபம் என்பது ஒரு கட்சி. கௌதமர் அதனை ஏற்கவில்லை என்பது மற்றொரு கட்சி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வழக்கு முற்றத் தீரவில்லை. முறைப்பெண்ணை மணப்பது தமிழகத்தில் உரிமை. வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் உடன்பிறந்தாளை மணப்பதற்கு ஒப்பான அருவருப்பு. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்துவிட்டு, அவரவர் வழக்கம் அனுமதித்தாலொழிய என்று விலக்களித்து, போதாயனர் பக்கமே சாய்ந்து நின்றது.

மனு ஸ்மிருதியிலும் ஒரு வேற்றுமை காட்டப்படுகிறது. கொல்லாமை, வாய்மை போன்ற யமங்களை எப்போதும் கைக்கொள்ள வேண்டும் என்றும், விரதம், நீராடல் போன்ற நியமங்கள் அவ்வாறு எப்போதும் கட்டுப்படுத்துவன அல்ல என்றும், யமங்களை விட்டு நியமங்களை மட்டும் பேணுபவன் வீழ்ச்சியுறுவான் என்றும் அந்நூல் கூறும். அதே நூல்தான் ஒரே குற்றத்துக்குப் பிறப்பை நோக்கித் தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். வேற்றுமையை அறிந்திருத்தல் வேறு, அதன்படி நடத்தல் வேறு. பிற்காலத்தார் கலிவர்ஜ்யம் என்று ஒரு பட்டியலை வகுத்து, முற்காலத்தில் விதிக்கப்பட்ட நியோகம் (பிள்ளையற்றவள் கணவனின் உறவினன் வழியாக மகப்பெறுதல்) முதலியவற்றைக் கலியுகத்துக்கு ஆகாதென விலக்கினர். சாஸ்திரம் சொன்னதையே சாஸ்திரத்தின் பெயரால் நீக்கும் இத்தந்திரம், விதிகள் காலத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதை வைதிகர்கள் மறைமுகமாக ஒப்புக்கொண்டதேயாகும்.

தமிழ் மரபில் தொல்காப்பியம் ஓர் அரிய செய்தியைத் தருகிறது. காதலித்துக் கூடியவர்கள் அதனை மறுத்துப் பொய்யுரைக்கவும் தவறு செய்யவும் தலைப்பட்ட பின்னரே, பெரியோர் திருமணச் சடங்கினை ஏற்படுத்தினர் என்பது அதன் கருத்து. நம்பிக்கைத் துரோகம் என்ற அறக்கேடு முந்தியது. அதற்கு அணையாக எழுந்த சடங்கு பிந்தியது. ஆசாரங்கள் யாவும் அறியாமையில் பிறந்தன என்று கருதும் அவசரக்காரர்களுக்கு இது தக்க விடையாகும். அறத்தைக் காக்கவே பல ஆசாரங்கள் பிறக்கின்றன. பிறந்த பின் அறத்தையே மறந்துவிடுவதும் உண்டு. பெண்ணுக்குப் பாதுகாவலாகத் தொடங்கிய மணச்சடங்கு, வரதட்சிணைப் பேரமாகி அவளுக்கே எமனாக முடிந்ததை நாம் காணவில்லையா? பதினெண்கீழ்க்கணக்கில் அடங்கிய ஆசாரக்கோவையோ, நீராடுவது, உண்பது, உறங்குவது முதலான ஒழுங்குகளையும், நன்றியறிதல், பொறுமை முதலான பண்புகளையும் பேதமின்றி ஒரே வரிசையில் வைத்துச் செல்கிறது. வள்ளுவர் அவ்வாறு செய்யவில்லை. தலையை மழித்தலும் சடை வளர்த்தலும் வேண்டாதவையாகிவிடும் நிலை ஒன்று உண்டு என்று துறவிகளுக்கே அவர் எடுத்துரைத்தார்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினா தத்துவ ஆசிரியர்களின் கையிலிருந்து மனநூல் ஆராய்ச்சியாளரின் கைக்கு மாறியது. 1983 இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் எலியட் டூரியலும் அவரைச் சார்ந்தோரும் சிறு குழந்தைகளிடம் கேட்ட கேள்விகள் மிக எளியவை: ஆசிரியர் அனுமதித்தால் இதைச் செய்யலாமா? வேறொரு பள்ளியில் இதற்குத் தடையில்லை என்றால் அங்கே செய்யலாமா? மூன்று நான்கு வயதிலேயே குழந்தைகள், வகுப்பில் விதிப்படி அமராமல் இருப்பது ஆசிரியர் அனுமதித்தால் குற்றமன்று என்றும், பிறரை அடிப்பது யார் அனுமதித்தாலும் குற்றமே என்றும் பிரித்துச் சொல்லத் தொடங்குகின்றனர். லாரி நூச்சி என்பவர் இதே வினாவை, மிகக் கட்டுப்பாடான கிறித்தவச் சமயக் குடும்பங்களின் பிள்ளைகளிடம், கடவுளைக் குறித்தே கேட்டார்: கடவுள் விதிக்காமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்யலாமா? செய்யலாம் என்றனர். திருடலாமா? கூடாது என்றே பெரும்பாலோர் கூறினர். ஏதென்ஸ் நகரில் சாக்ரடீஸ், தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாயிருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று கேட்டு யூதிஃப்ரோ என்பவரைத் திணற அடித்த கேள்விக்கு இப்பிள்ளைகள் திணறாமல் விடையளித்தனர்.

ஆனால் இம்முடிவு உலகனைத்துக்கும் பொருந்துமா என்று அமெரிக்க மானிடவியல் அறிஞர் ரிச்சர்ட் ஷ்வேடர் ஐயுற்றார். மகாபாத்ரா, ஜோன் மில்லர் ஆகிய இருவரோடு சேர்ந்து அவர், புவனேசுவரத்தில் லிங்கராஜர் கோயிலைச் சூழ்ந்த பழைய நகரத்து மக்களிடமும், சிகாகோ நகரின் ஒரு பகுதியில் வாழ்வோரிடமும் முப்பத்தொன்பது செயல்களைக் கூறித் தீர்ப்புக் கேட்டு, 1987 இல் முடிவை வெளியிட்டார். வாக்குத் தவறுதல், விபத்தில் சிக்கியவரைப் பாராது செல்லுதல், தீங்கற்ற பிராணியை உதைத்தல் முதலியன தவறென்பதில் இரு நகரத்தாரும் ஒன்றுபட்டனர். ஆனால் தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி உண்டான் என்பதை ஒரிய அந்தணப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் கொடியதென வைத்தனர். அமெரிக்கர்க்கோ அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கணவனிடம் சொல்லாமல் தனியே சினிமாவுக்குப் போனதை அவன் கண்டித்த பின்னும் மீண்டும் போன மனைவியை அவன் அடித்தான் என்பதை அமெரிக்கர் குற்றமென்றனர். ஒரிய நகரத்தார் அவ்வாறு கருதவில்லை. கைம்பெண் மீன் உண்பது அங்கே கடும் குற்றமாயிற்று. வெறும் வழக்கம் என்று அம்மக்கள் எதையும் ஒதுக்கவில்லை. எல்லாமே அவர்களுக்குத் தர்மமாக இருந்தன.

டூரியல் கூட்டத்தார் இதற்கு அளித்த சமாதானம் சாதுரியமானது. மகன் கோழி உண்டால் தந்தையின் ஆன்மா நற்கதி அடையாது என்று அம்மக்கள் நம்புவதால், தந்தைக்குத் தீங்கு செய்யலாகாது என்ற பொது அறமே அங்கும் வேலை செய்கிறது. வேறுபாடு அறத்தில் அன்று, மறுமையைப் பற்றிய நம்பிக்கையில்தான் என்பது அவர்கள் வாதம். இதனை நான் பாதியளவே ஏற்கிறேன். மகனுக்கு விதிக்கப்பட்ட தடை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அதைச் சுமப்பவனும் அவனே, அதனால் சொத்தும் மதிப்பும் பெறுபவனும் அவனே. இளமையில் கணவனை இழந்தவளுக்கோ மீன் மறுக்கப்படுவது ஆயுள் முழுவதற்கும். கணவனின் ஆவி வருந்தும் என்ற நம்பிக்கையை உண்டாக்கியவர்களிடமும் காத்து வருபவர்களிடமும் அவள் ஒரு சொல் சொல்ல இடமில்லை. மனைவியை இழந்தவனுக்கு அத்தகைய நம்பிக்கை எதுவும் ஏன் தோன்றவில்லை என்று கேட்க வேண்டும். ஆகவே முதற் சோதனையோடு இரண்டாவது ஒன்றும் தேவைப்படுகிறது: விதியை வகுத்தவர் ஒருவராகவும், அதன் பாரத்தைச் சுமப்பவர் வேறொருவராகவும், சுமப்பவர்க்கு அதனை மறுக்கும் உரிமை இல்லாமலும் இருக்குமாயின், அதனை ஆசாரம் என்று மரியாதையாக அழைப்பது தகாது. அது அநீதி.

இச்சோதனையை உடை விஷயத்தில் வைத்துப் பார்ப்போம். உடையைப் போல் முற்றிலும் வழக்கத்தைச் சார்ந்த பொருள் வேறில்லை என்று யாரும் ஒப்புவர். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணிவதை 1829 ஆம் ஆண்டின் அரச ஆணை தடுத்தது. ஆண்டுக்கணக்கில் கலகமும் தீவைப்பும் நிகழ்ந்து, சென்னை மாகாண கவர்னர் டிரவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் அப்பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றும், ஆயினும் உயர்சாதிப் பெண்களின் பாணியில் அணியலாகாதென்றும் மகாராஜா அறிக்கை வெளியிட்டார். துணியின் அளவும் மடிப்பும் ஆசாரம்தான். ஆனால் ஒருத்தியின் மானத்தைப் பிறர் விருப்பத்துக்கு விட்டுவைப்பது ஆசாரமன்று. நம் கிராமங்களில் பண்ணையாரின் பத்து வயதுப் பிள்ளை அறுபது வயது உழவரை ஒருமையில் விளித்ததும், தேநீர்க் கடைகளில் சிலருக்கென்று தனிக் குவளை வைத்திருந்ததும் இவ்வகையைச் சேர்ந்தவையே. வைக்கம் தெருக்களில் 1924 இலும், மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாயிலில் 1939 ஜூலை 8 ஆம் தேதியிலும் எதிர்க்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதியார் நுழையலாகாதென்ற தடைகளை மரபு என்று பேசியவர்கள், அம்மரபினால் தங்கள் வீட்டார் எவரும் ஒரு நாளும் வெளியே நிற்க நேரவில்லை என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

சீர்திருத்தக்காரர்கள் கையாண்ட வழிகளும் இருவகைப்பட்டன. ஈசுவர சந்திர வித்தியாசாகரர், கைம்பெண் மறுமணம் நியாயமானது என்று மட்டும் வாதித்தால் கேட்பார் இலர் என்பதை உணர்ந்து, பராசர ஸ்மிருதியில் இடம் தேடி எடுத்துக்காட்டி, 1856 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி செய்தார். ஆயினும், இத்தேசத்தார் சாஸ்திரத்தைவிடத் தேசாசாரத்துக்கே அஞ்சுகின்றனர் என்று நொந்து எழுதினார். பெரியார் ஈ. வெ. ராமசாமி அவ்விதம் சாஸ்திரத்தின் துணையைத் தேடாமல், சடங்கையே தள்ளி மணம் நடத்தி வைத்தார். அம்மணங்களைச் செல்லத்தக்கவையாக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 1967 இல் இயற்றியது. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், அரசமைப்பு அறம் என்பது தானே விளைவதன்று, பயின்று பெறவேண்டியது என்ற கருத்தை வலியுறுத்தினார். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2018 இல், ஒருபாலுறவைக் குற்றமாக்கியிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், சமூகத்தில் பெரும்பான்மையோர் ஒழுக்கம் என்று கருதுவது தனிமனிதரைத் தண்டிக்கப் போதிய காரணமாகாது என்று அதே கருத்தைத் துணைக்கொண்டு தீர்ப்பளித்தது.

இவற்றைக் கண்டு, ஆசாரம் யாவும் பொய், மனச்சாட்சி ஒன்றே போதும் என்று சொல்லத் துணிபவர்க்கும் ஒன்று கூற வேண்டும். துக்க வீட்டுக்குப் பகட்டான உடையில் சிரித்துக்கொண்டு செல்பவன் எந்த அறநூலின் விதியையும் மீறவில்லை; ஆனால் அவ்வீட்டாரை அவமதித்து விடுகிறான். உடை வழக்கம்தான், அவமதிப்பு வழக்கமன்று. ஸ்வீடனில் வலப்புறம் என்று வகுத்துவிட்ட பிறகு இடப்புறமாக வண்டியை ஓட்டுபவன் பிறர் உயிரோடு விளையாடுகிறான். அன்பும் மரியாதையும் ஏதேனும் ஒரு வடிவத்தில்தான் புலப்பட முடியும். அவ்வடிவங்களைத் தருவது சமூகம். காந்தியடிகள் மாமனார் வீட்டில் தண்ணீர் அருந்தாமல் இருந்தது இக்காரணத்தாலும் ஆகும். அத்தடையின் பாரத்தைத் தாமே சுமந்ததால் அவரால் அதற்குப் பணிய முடிந்தது. பிறர் மேல் சுமத்தப்பட்ட தீண்டாமை என்ற தடைக்கு அவர் பணியவில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வாராய்ச்சியால் உடனடியாகப் பயன்பெற வேண்டியவை நம் பள்ளிக்கூடங்கள். நாலு வயதில் குழந்தை தானாகவே அறிந்து கொள்ளும் வேற்றுமையைப் பதினாலு வயதுக்குள் நாம் மறக்கச் செய்துவிடுகிறோம். தலைமுடி வெட்டாமல் வந்த பையனும், நோஞ்சானான ஒருவனை அடித்த பையனும் ஒரே வராந்தாவில் ஒரே நேரம் முழங்காலிட்டு நிற்கின்றனர். இருவருக்கும் கூறப்படும் காரணமும், பள்ளியின் கட்டுப்பாட்டை மீறிவிட்டாய் என்பதே. நூச்சி மாணவர்களைக் கேட்டு அறிந்ததும் இதுவே: குற்றத்தின் இயல்புக்குப் பொருந்தாத காரணத்தைச் சொல்லிக் கண்டிக்கும் ஆசிரியரை அவர்கள் மதிப்பதில்லை. ஆசிரியப் பெருமக்களே, நேரம் தவறி வருபவனிடம் பள்ளியின் ஒழுங்கைப் பேசுங்கள். அவ்வொழுங்கு மாற்றத்தக்கது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அடித்தவனைக் கூப்பிட்டு, அடிபட்டவனின் எதிரே நிறுத்தி, அவன் பட்ட வலியைப் பற்றிப் பேசுங்கள். உடன் படிப்பவனைச் சாதிப் பெயர் சொல்லி ஏசியவனிடம், இது பள்ளி விதிக்கு விரோதம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.